வங்கிக் கிளையில் ஆறு மாத ட்ரெய்னிங்: போகுமுன் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

வந்தாறுமூலை_இறுதியாண்டு

எல்லாருக்கும் வணக்கம். கிழக்குப் பல்கலைக்கழகம், வர்த்தக முகாமைத்துவ பீடம். அடுத்த மாதம் கல்முனைப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் ட்ரெய்னிங் தொடங்குது. "அங்க போனா கொப்பி அடிக்கிறதும் ஃபைல் தூக்கிறதும்தான்" என்று சீனியர்மார் சொல்லீனம். கவுண்டரில விடுவாங்களா? எதைப் பார்த்துக்கொண்டு போனால் முதல் நாளே முழிக்காமல் நிக்கலாம்? நகை ஈடு வைக்கிற பகுதியில போட்டா அதில படிக்க ஏதும் இருக்கா? கெம்பஸுக்கு லொக் புக்கும் கடைசியில ஒரு அறிக்கையும் குடுக்க வேணும், அதுக்கு எதை எழுதுற? விஷயம் தெரிஞ்ச அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்க.

களுவாஞ்சிக்குடி_பழைய_ஒஃபிசர்

பிள்ள, கவுண்டர் கதையை முதலில் முடிப்போம். சிஸ்டத்தில் உங்களுக்கு யூசர் ஐடி தரமாட்டார்கள். அது இல்லாமல் காசு வாங்கவோ கொடுக்கவோ முடியாது. கூட்டம் கூடின நாளில் யாராவது தன்ர ஐடியில் லொகின் பண்ணிவிட்டு "இதை மட்டும் அடிச்சு விடு பிள்ள" என்று எழும்பிப் போவார்கள். அடிக்க வேண்டாம். பதிவில் நிற்பது அவருடைய பெயர், கமராவில் நிற்பது உங்களுடைய முகம். பிழை வந்தால் இரண்டு பேரும் பதில் சொல்ல வேண்டும். "சேர், எனக்கு ஐடி இல்லை, ஃபோர்மைச் சரிபார்த்துத் தாறன்" என்று சொன்னால் யாரும் கோபிக்கமாட்டார்கள்.

கொப்பி அடிக்கிறது பற்றி சீனியர்மார் சொல்வது பாதி உண்மை. உங்கள் கையில் கொப்பிக்கு வருகிற தாள்தான் அந்தக் கிளையின் வேலை. மெஷினில் வைக்கிறதுக்கு முன் ஒரு தரம் வாசியுங்கள். எந்தத் தாளோடு எந்தத் தாள் சேர்ந்து வருகிறது, எதற்கு ஒரு ஒப்பம், எதற்கு இரண்டு ஒப்பம் என்று கவனித்தால் இரண்டு மாதத்தில் கிளை எப்படி நடக்கிறது என்று பிடிபடும். வாசிக்காமல் அடித்தால் ஆறு மாதமும் மெஷின்தான்.

அனேகமாக முதலில் கணக்குத் திறக்கும் மேசையில் விடுவார்கள். அங்கே ஃபோர்ம் திரும்பி வருவதற்குப் பெரிய காரணம் முகவரி. எங்கட பக்கம் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும், மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்து இருப்பார். அவருடைய ஐசியில் (அடையாள அட்டையில்) தாய் வீட்டு முகவரி, கரண்ட் பில் மாமனார் பெயரில், இருப்பது மூன்றாவது இடத்தில். ஃபோர்மில் நிரந்தர முகவரியும் தற்போதைய முகவரியும் தனித்தனிக் கட்டமாக இருப்பது இதற்காகத்தான். ஐசி முகவரியையே இரண்டு கட்டத்திலும் எழுதிவிட்டால் ஏடிஎம் அட்டையும் கடிதங்களும் பழைய வீட்டுக்குப் போகும். தற்போதைய முகவரிக்குக் கிராம சேவகர் சான்றிதழ் கேட்பார்கள். பிரதேச செயலகத்தில் மேலொப்பம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அது இல்லையென்றால் ஆள் இன்னொரு நாள் பஸ் ஏறி வரவேண்டும்.

அடுத்தது ஐசி இலக்கம். ஒரே ஆளுக்குப் பழைய 9 இலக்கத்தில் ஒரு பதிவு, புது அட்டை எடுத்தபின் 12 இலக்கத்தில் இன்னொரு பதிவு என்று சிஸ்டத்தில் இரண்டாகிவிடும். ஃபோர்ம் வாங்கும்போதே இரண்டு விதமாகவும் தேடச் சொல்லுங்கள். பழையதைப் புதியதாக்குவது சுலபம்: முன்னால் 19, பழைய இலக்கத்தின் ஐந்தாம் இடத்துக்குப் பின்னால் ஒரு 0, கடைசி எழுத்தை விட்டுவிட வேண்டும். ஆண்டுக்கு அடுத்த மூன்று இலக்கம் பிறந்த நாளின் வரிசை, பெண்ணுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். 534 என்றால் பெண், 34ஆவது நாள், பெப்ரவரி 3. பெப்ரவரியை எப்போதும் 29 நாளாகத்தான் எண்ணுவார்கள், ஆகவே மார்ச் 1 எந்த வருடத்திலும் 061. ஃபோர்மில் எழுதிய பிறந்த திகதி இதோடு ஒத்து வருகிறதா என்று அரை நிமிடத்தில் பார்க்கலாம். ஒத்து வராவிட்டால் உடனே கள்ளம் என்று நினைக்க வேண்டாம். அந்தக் காலத்தில் பிறப்பைப் பிந்திப் பதிந்தவர்கள் நிறையப் பேர். ஒஃபிசரிடம் காட்டினால் போதும்.

பெயரும் அப்படித்தான். பழைய லமினேட் அட்டையில் ஆங்கிலப் பெயர் இல்லை. ஒரே முகம்மது பாஸ்போர்ட்டில் ஒரு எழுத்துக்கூட்டல், பாஸ்புக்கில் இன்னொன்று என்று இருக்கும். கட்டாரிலிருந்து மகன் பாஸ்போர்ட்டைப் பார்த்துக் காசு போடுவார், கணக்குப் பெயரோடு ஒத்து வராமல் நிற்கும். வெளிநாட்டுக் காசு வரப்போகிற கணக்கு என்றால் திறக்கும் அன்றே பாஸ்போர்ட் எழுத்துக்கூட்டலைக் கேட்டு எழுதுவது நல்லது.

கல்முனை_கவுண்டர்

மேல சொன்ன நானா சரியாச் சொல்லிட்டார். நான் காசும் செக்கும் பற்றி மட்டும் சொல்றன் தங்கச்சி.

காசை நீங்க எண்ண மாட்டீங்க, ஆனா பின்னேரம் கணக்கு முட்டாம தேடுற நேரம் பக்கத்தில நில்லுங்க. அது மாதிரி ஒரு வகுப்பு வேற இல்ல. காலைக் கையிருப்பு, கூட்டல் வரவு, கழித்தல் கொடுப்பனவு, வாற தொகை லாச்சியில இருக்கோணும். வித்தியாசத் தொகையே எங்க தேடோணும் என்டு சொல்லித் தரும். 9ஆல பிரிபட்டா இலக்கம் இடம் மாறியிருக்கும்: 63,000 ஐ 36,000 என்டு அடிச்சா 27,000 வித்தியாசம். 4,500 என்டா 5,000 க்கு 500 அடிபட்டிருக்கு, ஒரு சைபர் போயிட்டு. 400 குறைஞ்சா 100 ரூபாத் தாள் என்டு நினைச்சு 500 தாளைக் குடுத்திருப்பாங்க. வரவைச் செலவுப் பக்கம் போட்டிருந்தா வித்தியாசம் இரட்டிப்பாத் தெரியும், பாதியாக்கி அந்தத் தொகை வவுச்சரைத் தேடுங்க. இதெல்லாம் சரிவராட்டித்தான் ஒவ்வொரு வவுச்சராப் புரட்டுற.

ஒரு கட்டு 100 தாள். 5,000 ரூபாக் கட்டு 5 லட்சம், 1,000 ரூபாக் கட்டு 1 லட்சம். பட்டியில சீலும் சின்ன ஒப்பமும் திகதியும் இருக்கோணும். வேணுமென்டு கிறுக்கின, வெட்டின தாளைச் சாதாரணக் கிழிசலோட சேர்த்து வைக்கக் கூடாது, அது வேற விஷயம்.

10 லட்சமும் அதுக்கு மேலயும் காசாப் போட்டாலோ எடுத்தாலோ மத்திய வங்கியின்ட நிதி உளவறிதல் பிரிவுக்கு அறிக்கை போகும். 2006ஆம் ஆண்டு 6ஆம் இலக்கச் சட்டம். வாடிக்கையாளர் குழம்பத் தேவையில்ல, அது வழமையான அறிக்கை. ஆனா ஒருத்தர் காலையில 9 லட்சம், பின்னேரம் 9 லட்சம் என்டு பிரிச்சுப் போட்டா ஒஃபிசர் அதைத் தனியாப் பார்ப்பார். அந்த நேரம் நீங்க வாயைத் திறக்கப்படாது. "சேர் உங்கட கணக்கைப் பார்க்கிறார்" என்டு தெரிஞ்ச ஆளிட்டச் சொல்றதே குற்றம்.

இனி செக். அடியில வெள்ளைப் பட்டையில காந்த மை இலக்கம் இருக்கும்: செக் இலக்கம் 6, வங்கிக் குறி 4, கிளைக் குறி 3, பிறகு கணக்கு இலக்கம். இலங்கை வங்கி 7010, கொமர்ஷல் 7056, எச்என்பி 7083, மக்கள் வங்கி 7135, சம்பத் 7278, செலான் 7287, தேசிய சேமிப்பு வங்கி 7719. இந்த ஏழையும் பாடமாக்கிட்டுப் போங்க, டிப்போசிட் ஸ்லிப் பிரிக்கிற வேலை பாதியாகும். 2006க்குப் பிறகு செக் தாள் கொழும்புக்குப் போறதில்ல, ஸ்கேன் பண்ணின படம்தான் போகுது. அதால கிளையில பாதி வேலை தாளைச் சுத்தமா வெச்சிருக்கிறதுதான். ஸ்டேப்ளர் பின்னைக் கழட்டோணும், மடிப்பை நிமிர்த்தோணும், சீலைப் பட்டையில குத்தப்படாது. கடைக்காரர் குத்தின நீலச் சீல் தொகைக்கு மேல படிஞ்சா படத்தில தொகை தெரியாது, செக் திரும்பும்.

ஸ்கேனுக்கு முன்னால நீங்களே பிடிக்கக்கூடிய பிழைகள்: ஆறு மாசம் தாண்டின திகதி, இன்னும் வராத திகதி, எழுத்தில ஒன்டு இலக்கத்தில ஒன்டு, பெற்றுக்கொள்றவர் பெயர் டிப்போசிட் ஸ்லிப் பெயரோட ஒத்து வராதது, ஒப்பமே இல்லாதது. ஜனவரி முதல் கிழமையில போன வருஷத்தைப் பழக்கத்தில எழுதிடுவாங்க, அந்தக் கிழமை கூடுதலாப் பாருங்க. கணக்கில காசில்லாமத் திரும்புறதை உங்களால பிடிக்க ஏலாது, அது மற்ற வங்கி சொல்றது. திரும்பின செக்குக்கு வாடிக்கையாளருக்குக் கிடைக்கிற தாள் பட அச்சு. "என்ட ஒரிஜினல் எங்க" என்டு சத்தம் போடுவாங்க. அந்த அச்சுக்கும் சட்ட மதிப்பு இருக்கு என்டு பொறுமையாச் சொல்லுங்க.

கூட்டம் எப்ப என்டு தெரிஞ்சு வெச்சிருங்க: பென்சன் 10ஆம் திகதி, ஆசிரியர் சம்பளம் 20, மற்ற அரச சம்பளம் 25 ஐ ஒட்டி. அரச வங்கியென்டா அஸ்வெசும (அரச நலன்புரிக் காசு) வாற நாள் வேற. கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்றுப் பக்கம் வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு முந்தி ஒரு அலை, பிந்தி ஒரு அலை. அந்த நேரம் கேள்வி கேட்டா ஆரும் பதில் சொல்ல மாட்டாங்க. குறிச்சு வெச்சு மூணரைக்குப் பிறகு கேளுங்க.

உரைகல்

ஈட்டுப் பகுதியில் படிக்க ஏதும் இருக்கா என்று கேட்டீர்கள். கிழக்கில் ஒரு கிளையைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல மேசை கிடையாது. பெரும்போகத்துக்கு ஐப்பசி, கார்த்திகையில் வயல் விதைக்கும்போது நகை உள்ளே வரும். மாசி, பங்குனியில் நெல்லு அறுத்து வித்ததும் நகை வெளியே போகும். தாளில் பருவப் பயிர்க்கடன் என்று தனியாக ஒரு திட்டம் இருந்தாலும் உரத்துக்கும் உழவுக்கும் காசு அனேகமாக மனிசியின் சங்கிலியிலிருந்துதான் வருகிறது.

கணக்கைப் பாருங்கள். சங்கிலி நிறை 24.5 கிராம். பதக்கத்தில் கல்லும் அரக்கும் 1.3 கிராம் என்று கழித்தால் தேறிய நிறை 23.2. பவுண் 8 கிராம், ஆகவே 2.9 பவுண். அன்றைய முற்பணம் ஒரு பவுணுக்கு 100,000 என்று உதாரணத்துக்கு வைத்தால் 290,000. 15 வீத வட்டியில் 45 நாள் கழித்து மீட்டால் 290,000 ஐ 0.15 ஆலும் 45 ஆலும் பெருக்கி 365 ஆல் பிரிக்க வேண்டும்: 5,363 ரூபா 1 சதம். குறைந்தபட்ச வட்டிக் காலம் என்று ஒன்றை வைத்திருக்கும் வங்கிகளும் உண்டு. வாடிக்கையாளரோடு வரும் சண்டையில் பாதி அதில்தான். உங்கள் கிளையில் எப்படி என்று முதல் நாளே கேளுங்கள்.

முற்பண வீதம் 22 கரட்டுக்கானது. உரைகல்லில் உரசி அமிலம் விட்டு 21 அல்லது 20 என்று தெரிந்தால் வீதம் இறங்கும். கொக்கியிலும் ஒட்டுப் போட்ட இடத்திலும் உரசினால் தரம் குறைத்துக் காட்டும், ஏனென்றால் அங்கே பற்று (ஒட்டுவதற்குப் போட்ட தரம் குறைந்த உலோகம்) இருக்கிறது. மேற்பூச்சை மட்டும் உரசினால் கூட்டிக் காட்டும். உள்ளே பொள்ளலான காப்பும் அரக்கு நிரப்பின அட்டியலும் நிறையில் ஏமாற்றும். இதை மதிப்பீட்டாளர் செய்வார், நீங்கள் பார்ப்பதோடு சரி. நகையைத் தனியாகக் கையில் எடுக்கவே வேண்டாம். மேசைக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து தாருங்கள் என்று வாடிக்கையாளர் நீட்டினாலும் "அவரிட்டக் குடுங்க" என்று காட்டிவிடுங்கள்.

உங்களிடம் கிடைக்கக்கூடிய வேலை விவரணம் எழுதுவது. "சங்கிலி 1" என்று எழுதினால் மீட்கும் நாளில் வம்பு. "பதக்கத்துடன் சங்கிலி 1, சிவப்புக் கல் 3, ஒரு கல் விழுந்தது, கொக்கி வளைந்தது" என்று எழுதினால் யாருக்கும் சந்தேகமில்லை. பிழை எங்கே வரும் என்றால், ஒரே வீட்டில் தாயும் மகளும் ஒரே நாளில் ஒரே மாதிரி இரண்டு சங்கிலி வைக்கும்போது. பொதியின் இலக்கமும் சீட்டின் இலக்கமும் மாறிவிட்டால் மீட்கும் வரை யாருக்கும் தெரியாது. ஒரு பொதியை ஒட்டி சீல் வைத்த பின்தான் அடுத்த நகையைத் தராசில் போட வேண்டும்.

இன்னொன்று, ஊருக்குள் ட்ரெய்னிங் என்றால் மாமியும் வருவார், பக்கத்து வீட்டாரும் வருவார். வங்கிச் சட்டம், 1988ஆம் ஆண்டு 30ஆம் இலக்கம், பிரிவு 77 இன்படி இரகசியம் காப்பதாக ஒப்பமிட்டுத்தான் உள்ளே போவீர்கள். யார் நகை வைத்தார் என்பது வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குக்கூட வரக்கூடாது.

வந்தாறுமூலை_இறுதியாண்டு

இவ்வளவு எதிர்பார்க்கேல்ல, நன்றி! கடன் பகுதியில போடச் சொல்லிக் கேட்கலாமா? அங்கதான் கூடப் படிக்கலாம் என்று ஒரு அண்ணன் சொன்னார்.

களுவாஞ்சிக்குடி_பழைய_ஒஃபிசர்

கேட்கலாம், நாலாம் மாதத்துக்குப் பிறகு. கணக்குத் திறக்கிறதும் செக்கும் தெரியாமல் கடன் ஃபைலைத் திறந்தால் ஒரு கட்டுத் தாள்தான் தெரியும்.

அங்கே போனால் இரண்டு தாளை மட்டும் நன்றாகப் படியுங்கள். ஒன்று கிரிப் அறிக்கை (கடன் தகவல் பணியகம் தருகிற கடன் வரலாறு), கடன்காரருக்கும் பிணையாளருக்கும் எடுப்பது. பிணை நின்ற கடனும் அதில் வரும் என்று அனேகமான ஆசிரியர்மாருக்கே தெரியாது, தன்ர கடனுக்கு வந்த இடத்தில்தான் அறிவார்கள். மற்றது காணி. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் குடியேற்றத் திட்டக் காணிகளில் பெருந்தொகை அரச அனுமதிப்பத்திரக் (பெர்மிட்) காணி. அதை உறுதிக் காணி மாதிரி ஈடாக எடுக்க முடியாது. "எனக்கு ரெண்டு ஏக்கர் இருக்கு" என்று வருபவரிடம் முதல் கேள்வி, உறுதியா, பெர்மிட்டா, அளிப்புப் பத்திரமா என்பதுதான். உறுதி என்றால் நில அளவைப் படம், காணிப் பதிவகத்தில் எடுத்த பதிவுச் சாறு, உள்ளூராட்சிச் சபையின் வீதி எல்லைச் சான்றிதழ் எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போக வேண்டும். படத்தில் எல்லைக்கு "வடக்கு: வாய்க்கால்" என்றும் உறுதியில் "வடக்கு: ஒழுங்கை" என்றும் இருந்தால் சட்டத்தரணி திருப்பி அனுப்புவார். அந்த ஒத்துப்பார்க்கும் வேலையை உங்களிடம் தரச் சொல்லிக் கேளுங்கள். கண் கூர்மையாக உள்ள பிள்ளைக்கு ஏற்றது.

நிலையான வைப்பு மேசையில் இருக்கச் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். 2025 ஏப்ரல் முதல் வட்டியில் பிடிக்கும் வரி 5 வீதத்திலிருந்து 10 வீதமானது. 5 லட்சத்துக்கு 8 வீதம் என்றால் வருட வட்டி 40,000, கையில் வருவது 36,000. வருட வருமானம் 18 லட்சத்துக்கு உட்பட்டவர் சுய பிரகடனம் கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள். பென்சன்காரருக்கு அந்த ஃபோர்மை விளங்கப்படுத்தி நிரப்பிக் கொடுப்பது ட்ரெய்னியால் செய்யக்கூடிய உருப்படியான வேலை.

ஒலுவில்_மேற்பார்வை

லொக் புக் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. திருத்தும் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

"இன்று கணக்குத் திறக்கும் பகுதியில் உதவினேன், பல விடயங்களைக் கற்றேன்" என்ற வரி ஆறு மாதத்துக்கும் திரும்பத் திரும்ப வரும். அதற்குப் புள்ளி இல்லை. "சேமிப்புக் கணக்கு ஃபோர்ம்கள் சரிபார்த்தேன். மூன்று திரும்பின: ஒன்றில் மேலொப்பம் இல்லை, இரண்டில் வாரிசு நியமனக் கட்டம் வெறுமை. நியமனம் கட்டாயமில்லை என்றாலும் 'விருப்பமில்லை' என்று ஒப்பமிட வேண்டும் என ஒஃபிசர் சொன்னார்" என்பது வேலை. அன்றன்றே எழுதுங்கள். கிழமை முடிவில் மொத்தமாக எழுதினால் மை ஒரே மாதிரி இருப்பதைப் பார்த்தே தெரிந்துவிடும். மேற்பார்வை ஒஃபிசரின் ஒப்பத்தையும் கிழமைக்கு ஒருமுறை வாங்குங்கள், அவருக்கு இடமாற்றம் வந்தால் பிறகு யாரைத் தேடுவது?

வாடிக்கையாளர் பெயர், கணக்கு இலக்கம், ஐசி இலக்கம் எதுவும் லொக் புக்கில் வரக்கூடாது. நிரப்பின ஃபோர்மை ஃபோனில் படம் எடுத்து இணைப்பாகப் போடுவதும் கூடாது. வெறும் ஃபோர்ம் கேட்டால் தருவார்கள். இதில் உரைகல் சொன்ன பிரிவு 77 நகைக்கு மட்டுமல்ல, உங்கள் அறிக்கைக்கும் பொருந்தும்.

அறிக்கைத் தலைப்பு சின்னதாக இருக்கட்டும். "இலங்கையின் வங்கித்துறை" என்றால் இணையத்திலிருந்து வெட்டி ஒட்டியதாகத்தான் வரும். "இந்தக் கிளையில் செக்குகள் திரும்புவதற்கான காரணங்கள்", "போகத்தோடு ஈட்டு முற்பணம் ஏறி இறங்கும் விதம்", "கல்முனைக் கடைகளில் கியூஆர் கொடுப்பனவு ஏன் குறைவு" இவற்றில் எதுவும் ஆறு மாதத்துக்குள் அடங்கும். முதல் இரண்டுக்கும் எண்ணிக்கை மட்டும் போதும், அதுவும் முகாமையாளரின் எழுத்துமூல அனுமதியோடு. இரண்டாம் மாதத்திலேயே அனுமதி கேளுங்கள். தலைமையகத்துக்குப் போய் வர நாள் எடுக்கும்.

கல்முனை_கவுண்டர்

லெக்சரர் கியூஆர் தலைப்பை லேசாச் சொல்லிட்டார். கடைக்காரர் அதைப் பற்றி வாய் திறக்க மாட்டார், வரிக்குக் கணக்குப் போகும் என்ட பயம். தங்கச்சி, செக்கை எடுங்க.

வந்தாறுமூலை_இறுதியாண்டு

சரி நானா, செக்தான். கடைசியா ரெண்டு: சிங்களம் தெரியாட்டிக் கஷ்டமா? அலவன்ஸ் எவ்வளவு எண்டு கடிதத்தில இல்ல, ஆரிட்டக் கேட்கிற?

உரைகல்

கல்முனையில் சமாளிக்கலாம். அம்பாறை நகரக் கிளைக்கு மாற்றினால் பேச்சுச் சிங்களம் இல்லாமல் வாடிக்கையாளர் மேசையில் இருக்க முடியாது. சுற்றறிக்கை எல்லாம் ஆங்கிலத்தில் வரும், அதை வாசிக்கப் பழகுங்கள்.

அலவன்ஸ் வங்கிக்கு வங்கி வேறு. கடிதத்தில் இல்லையென்றால் கிளையில் கேட்டுப் பிரயோசனமில்லை, கடிதம் அனுப்பின மனிதவளப் பிரிவுக்கு இப்பவே மின்னஞ்சல் போடுங்கள். அதே வங்கியில் உங்கள் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கும் திறந்து இலக்கத்தைக் கொடுத்துவிடுங்கள். முதல் மாதம் முடிந்து கொடுத்தால் அடுத்த மாதப் பட்டியலில்தான் பெயர் ஏறும்.